ஓகே வராத முகம்

பசுமலை போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அழகுபாண்டியின் ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே பத்தடி அகலத்துக்கு ஒரு மெஷின். அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை: 'மூஞ்சிக்கு உரியவர் ஓகே சொல்லாமல் மெஷின் ஓடாது.' புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அழகுபாண்டியை நியாயவான் என்று நினைப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பலகை வந்ததற்கு ஒரே காரணம், சோணைமுத்து என்கிற மனிதர் சாகாமல் இருந்ததுதான். ஒரு பெண்ணின் படிப்பு பின்னால் இந்தப் பலகையில் வந்து தொங்கும் என்று அதை எழுதிய நாளில் அழகுபாண்டிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு காலை, இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து மாமா போய்விட்டார் என்றார்கள். கண்ணீர் அஞ்சலி, எட்டுக்கு ஆறு, நாலு போர்டு. கீழே தங்கள் மூஞ்சிகளைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்ற சேதி கேட்டதுமே, தெருமுக்கில் போர்டுக்கு நல்ல இடம் பிடித்துவிட வேண்டும் என்று ஓடி வந்திருந்தார்கள் அந்த மருமகன்கள். டாக்டர் விரித்த கையைப் பிறகு மடக்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் சோணைமுத்து டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கடைக்கே வந்து இறங்கினார்.

"எந்தப் பயடா என்னைய அனுப்பி வச்சது?"

"மாமா, ஒங்க மருமகன்க ரெண்டு பேருதான் வந்து ஓகே சொன்னாங்க."

"அவனுக ஓகே சொன்னா நான் செத்துருவனா?"

மறுநாள் பலகை ஏறியது.

பலகையை மாட்டியது அவர். அதைச் சட்டமாக்கியது முத்துச்செல்வி. கடையின் டிசைனர், வயது இருபத்தொன்பது. வாடிப்பட்டியில் மூன்று மாதம் டிடிபி படித்ததோடு அவள் படிப்பு முடிந்தது. மீதியைத் தப்பாக அடித்து, தப்பாக அடித்ததைச் சுருட்டிப் போட்டு, தானே கற்றுக்கொண்டாள். அடிப்பதற்கு முன் மாதிரிப் படத்தை, அதாவது புரூஃபை, வாட்ஸப்பில் அனுப்புவாள். 'ஓகே' என்று எழுத்தில் வரவேண்டும். 'ம்' என்று வந்தால் மெஷின் ஓடாது. கட்டைவிரல் பொம்மை வந்தால், "விரல் எதுக்கு? படத்துக்கா, மேட்டருக்கா?" என்று கேட்பாள். நேற்றைய ஓகே நேற்றைய புரூஃபுக்கு. இன்று ஒரு எழுத்து மாறினால் இன்றைக்குப் புதிதாக ஒன்று வேண்டும். மச்சினன் சொன்னது செல்லாது. குடித்துவிட்டு வந்து சொன்னால், "காலையில தெளிஞ்சு வந்து சொல்லுங்கண்ணே" என்று திருப்பி அனுப்புவாள். பார்த்ததைக் காட்டும் இரண்டு நீலக் குறி விழுந்து, பதில் வராத வேலை எல்லாம் கம்ப்யூட்டரில் ஓர் ஓரமாகக் கிடக்கும்.

"அதான் பார்த்துட்டேன்ல? அப்பறம் என்ன?" என்று கத்துவார்கள்.

"பார்த்தீங்கண்ணே. சொல்லலையே."

இவ்வளவு கறாருக்கும் நடுவே கடையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சடங்கு ஃப்ளெக்ஸ். வயதுக்கு வந்த பிள்ளையின் தலையை மட்டும் வெட்டி, பட்டுச்சேலை கட்டிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு மாடல் பெண்ணின் கழுத்தில் ஒட்டி, இரண்டு பக்கமும் மயிலை நிறுத்திக் கொடுப்பது. அதற்கும் அந்தப் பிள்ளையின் ஓகே வேண்டும் என்று முத்துச்செல்வி பல தடவை கேட்டுப் பார்த்தாள்.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தப் போய் கேக்கச் சொல்ற? அப்பன் சொல்றான், மாமன் சொல்றான். அம்புட்டுப் போதாதா?" என்பார் அழகுபாண்டி.

ஒரு குழந்தையின் உடம்பில் நடந்ததைப் பத்தடிக்கு எட்டடியில் ஊருக்கு அறிவித்து, அதன் காலடியில் முப்பது ஆண்களின் தலையை வரிசையாக அடுக்கி, அதில் பாதிப் பேருக்குக் கூலிங்கிளாஸும் மாட்டிவிடுகிற பண்பாட்டைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

முத்துச்செல்விக்கு அது வெறும் கருத்து இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கும் ஒன்று வைத்தார்கள். அப்பா சுடலை வயல் வேலைக்குப் போகிறவர், செலவு தாய்மாமனுடையது. பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த தலையை எடுத்து ஒட்டியிருந்தார்கள். வாடிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டினார்கள். சடங்கு ஒரு நாள். ஃப்ளெக்ஸ் நின்றது இருபத்தாறு நாள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் அவள் போகவேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கள் அதன் அடியில் நின்றுகொண்டு, "ஏ, இதுல நல்லாருக்க. நேர்ல ஏன் இப்படி?" என்பார்கள். கழற்றச் சொல்லி அம்மா சுந்தரம்மாளிடம் அழுதாள். "மாமன் செஞ்ச மொறைய அவுக்கச் சொல்றியா? நாக்க அறுத்துருவேன்" என்றாள் அம்மா. இருபத்தேழாம் நாள் அப்பா அதை அவிழ்த்து வந்து ஆட்டுக் கொட்டகைக்கு மேலே விரித்தார், மழைக்கு. இரண்டு மழைக்காலம் முத்துச்செல்வியின் முகம் அங்கே வானத்தைப் பார்த்துக் கிடந்தது. யாரும் அவளிடம் எதையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

போன ஆகஸ்டில் கடைக்கு ஒரு கல்லூரி வேலை வந்தது. அதே சாலையில் திருமங்கலம் பக்கம் தள்ளி இருக்கிற சுயநிதிக் கல்லூரி. பெயர் வேண்டாம், அதன் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் சுவர்களில் இருக்கிறது. வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறதாம். பாலியல் சம்மதம் பற்றி மாணவர்களுக்கு என்ன விழிப்புணர்வு ஏற்படுத்தினீர்கள் என்று அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். ஆண்டு முழுக்கக் காலியாகக் கிடந்த கட்டத்தைப் பன்னிரண்டு போர்டால் நிரப்பிவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. வந்தவர் கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர் கிருஷ்ணபிரசாத். இரண்டு போன், இரண்டிலும் பேசிக்கொண்டே மூன்றாவது ஆளிடமும் பேசக்கூடியவர்.

"மேடம், டாபிக் கொஞ்சம் சென்சிடிவ். டீசன்டா பண்ணிக் குடுங்க."

"மேட்டர் சார்?"

"மேட்டர் நீங்களே போட்டுக்கங்க. கன்சென்ட். அதாவது, சம்மதம். ஒருத்தரை ஒருத்தர்... உங்களுக்கே புரியும்."

"எனக்குப் புரியுது. படிக்கிற பிள்ளைகளுக்குப் புரியணும்ல?"

"அதெல்லாம் அவங்களுக்கு நம்மளவிட நல்லாவே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு கல்லூரி தன் மாணவர்களைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான்.

இந்தக் கடையில் அவள் இருந்த பதினோரு வருஷத்தில் மூஞ்சி இல்லாமல் வந்த முதல் வேலை அது. முத்துச்செல்வி ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டாள். வெள்ளைத் தளம். நடுவில் மூன்றடி உயரத்துக்கு இரண்டு நீலக் குறி. கீழே ஒரு வரி: 'பார்த்தாள். சரி என்று சொல்லவில்லை.' இன்னொன்றில் 'பார்த்தான்.' மூன்றாவதில் ஒற்றை 'ம்', அதன் கீழே: 'இது பதில் இல்லை. மறுபடி கேள்.' நான்காவது: 'நேற்றைய சரி நேற்றோடு முடிந்தது.' எல்லாவற்றுக்கும் அடியில் சின்னதாக: 'உடம்புக்கு உரியவர் சரி சொல்லாமல் எதுவும் இல்லை.' ஒன்றைத் தாளில் அடித்து டயர் கடைச் சுவரில் ஒட்டி, சாலைக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டே படித்துப் பார்த்தாள். வகுப்புக்கு ஓடுகிறவன் மூன்று விநாடிதான் பார்ப்பான். இரண்டாவது வரி மூன்று விநாடியில் ஏறவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாள், வெள்ளையைக் கூட்டினாள். பிறகு 'போர்டு அர்ஜென்ட்' என்று கல்லூரி ஆரம்பித்திருந்த வாட்ஸப் குரூப்பில் புரூஃபைப் போட்டாள். குரூப்பில் பதினான்கு பேர். கல்லூரித் தாளாளரும், பாலியல் புகார்க் குழுவின் தலைவர் பேராசிரியர் ஸ்யாமளாவும் அதில் உண்டு. அவர் 'நோட்டட்' என்று மட்டும் போட்டார்.

கிருஷ்ணபிரசாத் போனில் கூப்பிட்டார். "என்ன மேடம், பாதி காலியா இருக்கு? இதுல பொண்ணு எங்க?"

"பொண்ணு எதுக்கு சார்?"

"விழிப்புணர்வுன்னா ஒரு பொண்ணு வேணாமா? அப்பறம் 'பார்த்தான்'னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, பையன்கிட்டயும் கேக்கணுமா? சிரிப்பாங்க மேடம். தாளாளர் போட்டோவும் வரலை."

இரண்டு நாளில் திருத்தம் ஏழு வந்தது. 'பாலியல்' என்ற சொல் கூடாது, பெற்றோர் பார்ப்பார்கள். ஒரு ரோஜா வேண்டும். ரோஜா வேண்டாம், காதல் மாதிரி இருக்கிறது. 'பெண்ணே, எல்லை தாண்டாதே' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அழ, அவள் மேல் ஒரு கையின் நிழல் விழவேண்டும். அவளைத் தொட்டவன் எதைக் கேட்டிருக்கவேண்டும் என்பது போர்டில் எங்கேயும் வரக்கூடாது. அவள் அழுதது மட்டும் போதும். படித்தவர்கள்தான் இதை யோசித்தார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் ஒரு படம் அனுப்பினார். கல்லூரிப் பொங்கல் விழாவில் எடுத்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில், தாவணி கட்டிய பெண் ஒருத்தி யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு நல்லா ஹோம்லியா இருக்கு. கொஞ்சம் அழுற மாதிரி மாத்திருங்க மேடம். கண்ணீர் ரெண்டு சொட்டு போதும். மெயின் கேட்ல வர்ற பெரிய போர்டுக்கு."

"அவகிட்ட கேட்டீங்களா சார்?"

"எங்க காலேஜ் பொண்ணு மேடம். அட்மிஷன் ஃபார்ம்லயே போட்டோ யூஸ் பண்ணிக்கலாம்னு அவங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்கார்."

சம்மதம் என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரப் போகிற போர்டு அது. முத்துச்செல்வி போனை வைத்துவிட்டு மெஷினுக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள்.

படத்தில் பெண்ணுக்குப் பின்னால் பேனரின் ஓரம் தெரிந்தது: 'தாவரவியல் இரண்டாம் ஆண்டு.' அதுவும் அவள் அடித்துக் கொடுத்ததுதான். பொங்கல் ஜனவரியில், ஆக, இப்போது மூன்றாம் ஆண்டு. புதன்கிழமை காலை, அவர் கேட்டபடி கண்ணீர் வைத்த புரூஃபை ஒரு தாளில் அடித்து எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு எதிர்ப்புறம் போய் நின்றாள். ரெக்கார்டு நோட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் போனில் படத்தைக் காட்டினாள்.

"அட, நம்ம பாண்டிமீனா! எதுக்குக்கா, மாப்பிள்ளை வீடா?"

"அதவிட மோசம். கூட்டிட்டு வாம்மா."

பாண்டிமீனா வந்தாள். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். தாளை வாங்கிப் பார்த்தாள். தன் கன்னத்தில் வழிகிற கண்ணீரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த 'பெண்ணே, எல்லை தாண்டாதே' என்ற எழுத்தைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

"நான் எப்பக்கா அழுதேன்?"

"அழுகலை. நாந்தான் அழ வைக்கணுமாம். இத கேட்ல வைக்கப் போறாங்க. ஒனக்குச் சரியா?"

"கேட்லயா?" சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, எங்க மாமா சின்னச்சாமி, மில்லுக்கு ஆள் ஏத்துற வேன் ஓட்டுறாரு. இந்த ரோட்லதான். வேன்ல இருவது பொம்பளைக, பூராம் எங்க ஊரு. காலேஜ் எதுக்கு, நீயும் இதுலயே ஏறிக்கன்னு ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டே இருக்காரு. இதப் பார்த்தா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதானே நெனைப்பாக? அன்னைக்கே டிசி வாங்கிருவாக."

"அப்ப வேணாம்னு எழுதிக் குடுக்குறியா?"

"எழுதிக் குடுத்தா இன்டர்னல் மார்க்ல கை வச்சிருவாங்கக்கா."

முத்துச்செல்வி அவசரப்படுத்தவில்லை. "எழுதினா அத அந்தக் குரூப்ல போடுவேன். பதினாலு பேரும் பார்ப்பாங்க. ஓம் பேரோட போடுறதா, பேர மறைச்சுப் போடுறதா, போடவே வேணாமா, நீ சொல்றதுதான். வேணாம்னா வேற வழி பார்க்குறேன். வழி இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

முதல் மணி அடித்தது. பாண்டிமீனா நகரவில்லை. இரண்டாவது மணிக்கு ரெக்கார்டு நோட்டின் மேல் தாளை வைத்து, தன் அழுத முகத்தின் குறுக்கே எழுதினாள்: 'எனக்கு ஓகே இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. பாண்டிமீனா, மூன்றாம் ஆண்டு தாவரவியல்.' தேதியும் போட்டாள்.

"பேரோடயே போடுங்கக்கா. பேர மறைச்சா மட்டும் மூஞ்சி தெரியாமப் போயிருமா?"

அன்று மதியம் கிருஷ்ணபிரசாத் கடைக்கு நேரில் வந்துவிட்டார். போர்டு எங்கே என்றார். முகத்துக்கு உரிய பெண் ஓகே சொல்லவில்லை, அதனால் மெஷின் ஓடவில்லை என்றாள் முத்துச்செல்வி.

அவர் அழகுபாண்டியைப் பார்த்தார். அழகுபாண்டி, வாடிக்கையாளரைப் பார்த்ததும் முதுகெலும்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிடுகிற ரகம். "செல்வி, வருசம் பூராம் வேலை குடுக்குற காலேஜு. ஒரு மூஞ்சிக்காக ஏந்தாயி..." என்று இழுத்தார்.

அவள் பலகையைக் காட்டினாள்.

"அது செத்தவங்களுக்காக வச்சது."

"சோணைமுத்து சாகலையேண்ணே."

முத்துச்செல்வி கிருஷ்ணபிரசாத்தின் பக்கம் திரும்பினாள். "சார், ஒரு மூஞ்சிதானே வேணும்? ஒங்க மூஞ்சி இருக்கு. இப்ப ஓகே சொல்லுங்க, பத்து நிமிசத்துல கண்ணீர் வச்சு அடிச்சுத் தர்றேன்."

"என் மூஞ்சியா? இந்த மேட்டர்லயா?" அவர் ஒரு அடி பின்னால் போனார். "என்ன மேடம் பேசறீங்க? ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்? என் மாமனார் வீட்டுல பார்த்தா?"

"அதையேதான் சார் அந்தப் பொண்ணும் சொல்லுச்சு."

ஒரு மனிதனுக்கு விஷயம் புரிந்துவிட்டதற்கான அடையாளம் அவர் முகத்தில் வரவில்லை. கோபம்தான் வந்தது. "மாட்டுத்தாவணில வேற கடைக்குப் போனா ஒரு மணி நேரத்துல அடிச்சுக் குடுப்பான்" என்றார்.

"குடுப்பாங்க சார். ஆனா அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தத இப்பத்தான் குரூப்ல போட்டேன்."

அவர் ஒரு போனைப் பார்த்தார். பிறகு, ஏதோ அதில் வேறு மாதிரி இருக்கும் என்பது போல, இன்னொரு போனையும் பார்த்தார். குரூப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முத்துச்செல்வியின் போனில் இரண்டு நீலக் குறி. ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பிறகு ஸ்யாமளா மேடம் கூப்பிட்டார். அவர் குரல் பேக்கரி வரைக்கும் கேட்டது.

"என்ன சார் இது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் இதெல்லாமா எழுத்துல வாங்கி வச்சுப்பாங்க? பதினாலு பேர் போன்ல இருக்கு. அந்தப் படம் எங்கயும் வரக்கூடாது. அந்தப் பொண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க, அதையும் எழுதிடுவா."

புகார்க் குழுவின் தலைவர் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் நியாயம் செய்ய முடியாத வேலையைப் பயம் சில நேரம் செய்து முடித்துவிடும். பாண்டிமீனாவின் மார்க்குக்கும் அதுவே காவலாக நின்றது.

கிருஷ்ணபிரசாத் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இப்ப எதைத்தான் போடறது?"

"மொதல்ல செஞ்சது அப்படியே இருக்கு சார்."

"தாளாளர் போட்டோ?"

"அவரு ஓகே சொன்னாப் போடுறேன்."

தாளாளரின் படம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வெள்ளைச் சட்டை, மார்புக்கு நேரே கூப்பிய கை, லேசாகச் சாய்ந்த தலை. அட்மிஷன் போர்டில், குடியரசு தின போர்டில், நீட் பயிற்சி போர்டில் எல்லாம் அதே கும்பிடு. புரூஃப் போன இரண்டாவது நிமிடம் பதில் வந்துவிட்டது. இந்த விவகாரம் முழுவதிலும் தாமதம் இல்லாமல் வந்த ஒரே ஓகே அதுதான். மெஷின் ஓடியது.

வியாழக்கிழமை ஆய்வுக் குழு போர்டுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது, சாப்பிட்டது, போனது. படிவத்தில் கட்டம் நிரம்பியது. மாணவர்கள் நீலக் குறியைப் போனில் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். யாரிடம் கேட்கவேண்டியிருந்ததோ அவர்களுக்கும் அனுப்பினார்கள். இது எந்தப் படிவத்திலும் வராது.

சனிக்கிழமை பாண்டிமீனா கடைக்கு வந்தாள். உட்காரவில்லை, நின்றபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முந்தின நாள் மாமாவின் வேனில் வந்தாளாம். கேட்டுக்கு எதிரே மாமா வேனை மெதுவாக்கி, போர்டை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாராம். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்களாம்.

"'பார்த்தாள், சரி என்று சொல்லவில்லை.' 'சரியாத்தான போட்டிருக்கான்'னாருக்கா மாமா. அப்பறம் கீழ பார்த்துட்டு, 'ஆமா, அந்தாளு எதுக்குக் கும்புட்டு மன்னிப்புக் கேக்குறாரு? என்ன பண்ணித் தொலைச்சாராம்?'ன்னு கேட்டாரு. வேன்ல ஒருத்தி, 'பண்ணாமயா இம்புட்டுப் பெருசா போர்டு வச்சுக் கேக்குறாரு'ங்குறா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னுட்டேன். திங்கக்கிழமை பிராக்டிகல் இருக்கு, நேரத்தோட எறக்கி விடுங்கன்னேன். சரின்னாரு."

மாமா ஒருவர் மட்டும் அப்படிப் படிக்கவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை தாளாளர் அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, இந்த மாதிரி வாசகத்துக்குக் கீழே இந்தப் படத்தைப் போட யார் சொன்னது, யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று ஒரு குரல் கத்தியது. அழகுபாண்டி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முத்துச்செல்வியைப் பார்த்தார்.

அவள் குரூப்பைத் திறந்து, தாளாளரின் எண்ணிலிருந்து வந்திருந்த 'ஓகே'யைத் தேடி எடுத்து, புதன்கிழமை மாலை நாலு இருபத்திரண்டு என்று நேரத்தோடு, அவர்களுக்கே திருப்பி அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அவள் அடுத்த வேலையை எடுத்தாள்.